அம்மாவின் சீட்டுக் கணக்கும் பிரஷர் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஞாபக மறதி பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். வல்லாரை இருந்தது, வால்நட் இருந்தது, குறுக்கெழுத்து இருந்தது, கீழே ஒரு கட்டத்துக்குள் அமெரிக்காவில் வந்திருக்கும் புது ஊசி மருந்தும் இருந்தது. ரத்தக் கொதிப்பு என்ற வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தேன். 'சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று கடைசிக்கு முந்தின வரியில் கிடந்தது. என்ன கவனம், எந்த வயதிலிருந்து, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். வெட்டத்தான் வெட்டுவீர்கள், தெரியும். என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், ஆராய்ச்சி பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் அம்மா எங்கள் தெருவில் 30 வருடம் ஏலச்சீட்டு நடத்தினார். (பதிவு செய்யாத சீட்டுதான், இப்போது நடத்தவில்லை, யாரும் கேஸ் போட வேண்டாம்.) 20 பேர், மாசம் 5,000, லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒருத்தர் 25,000 தள்ளி எடுத்தால் கமிஷன் 5,000 போக மிச்சம் 20,000, தலைக்கு 1,000 கழிவு, ஆளுக்குக் கட்ட வேண்டியது 4,000. இதெல்லாம் ஏலம் முடிந்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவார். தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், எனக்குக் கால்குலேட்டர் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஏலத்தில் பாதிக் கணக்கில் நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் நின்றார். பெயர் எதுவும் மறக்கவில்லை, யார் எந்த மாசம் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், யார் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று எல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் ஒன்றுக்கு அடுத்து ஒன்று என்று கோர்த்துக்கொண்டு போக முடியவில்லை. அடுப்படியிலும் அப்படித்தான், புளியைக் கரைத்து வைத்துவிட்டு அடுத்தது என்ன என்று நிற்பார். நடை மெதுவாயிற்று, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார், நாங்கள் மூட்டு வலி என்று தைலம் வாங்கிக் கொடுத்தோம். மறதி இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மறதி இல்லை, அதனால் ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டோம்.

அப்புறம் ஒரு நாள் வாசல்படியில் விழுந்த பிறகுதான் மூளை ஸ்கேன் எடுத்தோம். மூளையின் ஆழத்தில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களால் வந்த தழும்புகள் அங்கங்கே இருக்கின்றன, எப்போதோ வந்து போன சின்ன அடைப்பு மூன்று இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. முதலில் காட்டிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர்தான் உட்கார வைத்துக் கேட்டார், பிரஷர் எப்போதிலிருந்து இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று. 52 வயதில் கண்டுபிடித்தது. இரண்டு மாசம் போட்டார், தலைவலி நின்றது, மாத்திரையும் நின்றது. அதற்கப்புறம் 19 வருடம் தலை சுற்றினால் ஒன்று, கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் ஒன்று. "நல்லாத்தானேடி இருக்கேன், எதுக்கு மருந்த முழுங்கணும்" என்பார். நாங்களும் விட்டுவிட்டோம். பிரஷர் என்றால் மாரடைப்பு வரும், பக்கவாதம் வரும் என்று தெரியும். அது சத்தமில்லாமல் மூளையை உள்ளே இருந்து அரிக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை. உங்கள் பத்திரிகையை 22 வருடமாக வாங்குகிறோம்.

நான் டாக்டர் இல்லை. அந்த இரண்டாவது டாக்டர் சொன்னதையும் அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். மூளை உடம்பு எடையில் நூற்றுக்கு 2 பங்குதான், ஆனால் உடம்பு இழுக்கிற பிராணவாயுவில் ஏறக்குறைய 20 பங்கை அது மட்டும் எடுத்துக்கொள்கிறது, சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு இடம் கிடையாது. ஒவ்வொரு நிமிடமும் ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். நாங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம், கடைமடைக்காரர்கள், அதனால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. மூளையின் ஆழத்தில் உள்ள வெள்ளைப் பகுதி கடைமடை. பெரிய ஆற்றிலிருந்து நேரே கிளை பிரிந்து நீளமாக உள்ளே போகிற முடி மாதிரியான குழாய்கள்தான் அதற்கு வாய்க்கால், வேறு வழியாகத் தண்ணீர் வராது. வருடக்கணக்கில் அதிக அழுத்தம் இடித்துக்கொண்டே இருந்தால் அந்தக் குழாயின் சுவர் தடித்து இறுகி, உள்ளே வழி குறுகிவிடும். மேலே முறை வைத்தால் முதலில் காய்வது எந்த வயல் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த வெள்ளைப் பகுதி மூளையின் ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் இணைக்கிற ஒயர்கள், அதனால்தான் பெயரும் ஊரும் நினைவில் இருக்கும்போதே வேகமும் வரிசையும் முதலில் போகின்றன. அம்மாவுக்குச் சீட்டுக் கணக்கு போனது அப்படித்தான்.

சரி, இதை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம், ஏனென்றால் இதில் பணம் யார் கொடுத்தார்கள் என்பது முக்கியம்.

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார், வயது 63. அன்றைக்கு அவருடைய பிரஷர் 300க்கு 190. அதற்கு ஒரு வருடம் முன்பே 186க்கு 108 என்று இதய டாக்டர் ஒருவர் எழுதி வைத்திருந்தார், ஊருக்குச் சொன்னதோ அதிபர் நலம் என்று. மறைத்தார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் காலத்து டாக்டர்கள் பலருடைய நம்பிக்கையே அப்படித்தான் இருந்தது. வயதானால் குழாய் இறுகும், இறுகின குழாயில் ரத்தம் ஓட வேண்டுமென்றால் அழுத்தம் கூடத்தான் வேண்டும், அதைப் போய்க் குறைக்காதே. 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்', அதாவது 'அவசியமான ரத்தக் கொதிப்பு' என்று அர்த்தம் வரும்படி இன்றைக்கும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் பெயர் அந்த நம்பிக்கையைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அதிபர் போன மூன்றாவது வருடம், 1948இல், இதய நோய்க்கென்று தனிச் சட்டம் போட்டு அரசுப் பணம் ஒதுக்கினார்கள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற சின்ன ஊரில் 5,209 பேரைச் சேர்த்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பரிசோதித்துக்கொண்டே வந்தார்கள். மருந்து எதுவும் கொடுத்துப் பார்க்கவில்லை. அளந்தார்கள், எழுதினார்கள், காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

காத்திருக்கிற ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க யாருக்கும் பிடிக்காது. 20 வருடம் ஆனதும் 'போதும், வேண்டியது கிடைத்துவிட்டது' என்று 1960களின் கடைசியில் அரசாங்கம் கையை விரித்தது. அதை நடத்திக்கொண்டிருந்த டாக்டர் டாபர் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து நன்கொடை திரட்டி உயிரைப் பிடித்து வைத்தார், அப்புறம் மறுபடி அரசுப் பணம் வந்தது, 1971இல் அந்த 5,209 பேரின் பிள்ளைகளையும் சேர்த்தார்கள், 2002இல் பேரப் பிள்ளைகளையும். 2013இல் மறுபடி பட்ஜெட் வெட்டு, 40 லட்சம் டாலர் போயிற்று, அதாவது அவர்கள் பணத்தில் 100க்கு 40. யோசித்துப் பாருங்கள், அன்று 20 வருடத்தோடு மூடியிருந்தால் நடுத்தர வயதில் இருக்கும் பிரஷர் வயதான காலத்தில் புத்தியை என்ன செய்யும் என்ற கேள்விக்கே அங்கிருந்து பதில் வந்திருக்காது, ஏனென்றால் முதலில் சேர்ந்தவர்கள் 30 வயதிலிருந்து 62 வயது வரை இருந்தவர்கள், அவர்கள் கிழவர்களாக வேண்டுமே. 2016இல் அங்கிருந்து வந்த கணக்கு இது: 1970களின் கடைசியோடு ஒப்பிட்டால் 2010 வாக்கில் புதிதாக டிமென்ஷியா, அதாவது புத்தி மங்கிப்போகும் நோய், வருவது 100க்கு 44 குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறைவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டும்தான் தெரிந்தது. பிரஷரும் கொழுப்பும் கட்டுக்குள் வந்ததை வைத்து மட்டும் இந்தக் குறைவை முழுதாக விளக்க முடியவில்லை என்று அதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள். நேர்மை.

அளந்து பார்த்தது அது. குறைத்துப் பார்த்தது ஸ்ப்ரிண்ட் என்ற இன்னொரு ஆராய்ச்சி. அதுவும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கொடுத்த பணம், மாத்திரைக் கம்பெனிப் பணம் இல்லை. 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேர், பிரஷர் உள்ளவர்கள், சர்க்கரையும் பக்கவாதமும் இல்லாதவர்கள். பாதிப் பேருக்குப் பிரஷரின் மேல் எண்ணை 140க்குக் கீழே வைத்தார்கள், மீதிப் பாதிக்கு 120க்குக் கீழே. 2015இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் 120 கூட்டத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்து 100க்கு 25 குறைந்துவிட்டது, இனிமேல் மற்றவர்களை 140இல் விட்டு வைப்பது நியாயம் இல்லை என்றார்கள். இதயத்துக்கு நல்ல செய்தி, மூளைக்குக் கெட்ட நேரம். சிகிச்சை சராசரியாக மூன்றே கால் வருடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடியிருந்தது, டிமென்ஷியா அதற்குள் வராது. இருந்தாலும் அந்த ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2019 ஜனவரியில் முடிவு சொன்னார்கள். டிமென்ஷியாவுக்கு முந்தைய படியான லேசான புத்தித் தடுமாற்றம் 120 கூட்டத்தில் 100க்கு 19 குறைவு. டிமென்ஷியாவும் குறைவுதான், 176 பேருக்கு எதிராக 149 பேர், ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாத அளவு வித்தியாசம்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்களில் அந்த வெள்ளைப் பகுதித் தழும்பு வளர்வது 120 கூட்டத்தில் மெதுவாக இருந்தது, நான் மேலே சொன்ன கடைமடைதான் அது. இன்னும் சில வருடம் தொடர்ந்து பார்த்தால் தெளிவாகும் என்று அல்ஸைமர் (டிமென்ஷியாவில் ஒரு வகை) சங்கம் 8 லட்சம் டாலருக்கு மேல் தன் கையிலிருந்து கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் தாத்தாவுக்கு மாத்திரையை இரண்டாக்கிவிடாதீர்கள். அந்த ஆராய்ச்சியில் பிரஷர் பார்த்த முறை வேறு, 5 நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மிஷினால் பார்த்தது. நம் ஆஸ்பத்திரியில் வரிசையில் தள்ளுமுள்ளுப் பட்டு வந்து உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றிப் பார்க்கிற 120 அந்த 120 கிடையாது. மயக்கம், உப்புக் குறைவு, சிறுநீரகச் சிக்கல் ஆகியவை 120 கூட்டத்தில் கூடுதலாக வந்தன. எவ்வளவு குறைக்கலாம் என்பது டாக்டர் வேலை. என் வழக்கு அது இல்லை. 170இல் கிடந்துகொண்டு மாத்திரையே போடாமல் இருப்பவர்களைப் பற்றித்தான் என் வழக்கு, எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரிந்து ஒன்பது பேர்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்குச் சீனக் கதை ஒன்று இருக்கிறது. 326 கிராமங்கள், 40 வயதுக்கு மேற்பட்ட பிரஷர்காரர்கள் கிட்டத்தட்ட 34,000 பேர். பாதிக் கிராமங்களில் பெரிய டாக்டர் யாரும் இல்லை, கிராமத்து வைத்தியப் பணியாளர்களே அளவான பயிற்சியோடு, எழுதிக் கொடுத்த வரிசைப்படி மலிவான மாத்திரையைக் கொடுத்து, வீட்டில் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கொடுத்து, 130க்கு 80க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்டார்கள். நாலு வருடம். மற்றக் கிராமங்களைவிட அங்கே டிமென்ஷியா 100க்கு 15 குறைவு. 2025இல் வெளியானது. வல்லாரைக்குப் பக்கத்தில் உங்கள் கட்டத்துக்குள் வந்ததே ஒரு ஊசி, லெக்கனெமாப், 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது, அதன் விலை அங்கே ஒரு வருடத்துக்கு 26,500 டாலர். அல்ஸைமர் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு 18 மாதத்தில் சரிவின் வேகத்தை 100க்கு 27 குறைக்கும், சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் வரும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது வேறு நோய்க்கான மருந்து, ஏதோ ஒரு வீட்டுக்கு அது தெய்வமாக இருக்கும். ஆனால் அதற்குப் படத்தோடு கட்டம், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற பிரஷர் மாத்திரையான ஆம்லோடிபினுக்கு அரை வரி என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

நம் பக்கத்தில் ஆராய்ச்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 10/66 என்று ஒரு உலகக் குழு 1998இல் கொச்சியில் வைத்து ஆரம்பித்தது, டிமென்ஷியா உள்ளவர்களில் 100க்கு 66 பேர் வளரும் நாடுகளில், ஆராய்ச்சியில் 100க்கு 10 மட்டுமே அவர்களைப் பற்றியது என்பதால் அந்தப் பெயர். பள்ளிக்கூடம் போகாத ஆயாவிடம் 'இன்றைக்கு என்ன தேதி, 100இலிருந்து 7 கழி' என்று கேட்டால் நல்ல புத்தி உள்ளவரும் தோற்றுப் போவார், அப்படி இல்லாத கேள்விகளை உருவாக்கிப் பல நாடுகளில் பார்த்தார்கள், சென்னையும் வேலூரும் அதில் இருந்தன. இப்போது பெங்களூரில் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட 10,000 கிராமத்து மக்களை இலக்கு வைத்து, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. (கோலார் என்றால் நமக்குத் தங்கவயல்தான் ஞாபகம் வரும், இது அதே மாவட்டத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன வேறு தாலுகா.) ரத்தம், பிரஷர், ஸ்கேன், மரபணு, நினைவாற்றல் எல்லாம் பார்க்கிறார்கள். அந்த மையத்துக்குப் பணம் கொடுத்தது இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன், 225 கோடி ரூபாய். நகரத்து ஆட்கள் 1,000 பேரை வைத்து நடக்கும் இன்னொரு ஆய்வுக்கு டாடா அறக்கட்டளை. நல்லது, கும்பிட வேண்டியதுதான். ஆனால் 30 வருடம் காத்திருக்கிற வேலையைத் தனிமனிதர் மனசை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? அரசே கொடுத்த ஃப்ரேமிங்ஹாம் இரண்டு தடவை தள்ளாடியிருக்கிறது.

இப்போது என் கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் தன்னார்வலர் பெண் ஒருத்தி வருகிறாள். பிரஷர் பார்க்கிறாள், குறித்துக்கொள்கிறாள், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். மாநிலம் முழுக்க இப்படி வீடு வீடாக எழுதி வைத்த பிரஷர் கணக்கு மலை மாதிரி கிடக்கும். சீனாவில் தனியாக ஏற்பாடு செய்து பண்ணியதில் பாதி வேலை இங்கே ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு சில வட்டாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை, படிக்காதவர்களுக்கும் பொருந்துகிற மாதிரி 10 நிமிடக் கேள்வியும் நாலடி தூர நடையும் சேர்த்துப் பார்க்க வைத்தால் போதும். அதற்குப் பயிற்சி வேண்டும், அந்தப் பெண்களுக்குக் கூடுதல் ஊதியம் வேண்டும் (இதைச் சும்மா அவர்கள் தலையில் கட்டக் கூடாது, இப்போதே அவர்களுக்கு வேலை அதிகம்), கணக்கைப் பிரித்துப் பார்க்க ஒரு மருத்துவக் கல்லூரி வேண்டும், 15 வருடத்துக்கு நிறுத்த மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட பணம் வேண்டும். தேர்தல் வந்தாலும் நிறுத்தக் கூடாது. சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வரும்போது உங்கள் நிருபர் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால்கூடப் போதும் என்று நினைக்கிறேன்.

அம்மா இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறார், 130 சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. போனது திரும்பவில்லை, மேலே போகாமல் இருக்கிறது. போன மாசம் அந்தப் பெண் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "நீ சீட்டு ஏதும் போடுறியா, எத்தன பேரு, தள்ளு எவ்வளவு போகுது" என்று கேட்டார். அவள் சொன்னாள். அம்மா ரொம்ப நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். அவள் அடுத்த வீட்டுக்குப் போய் அங்கே பார்த்து முடித்துத் திரும்பி எங்கள் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு விடையைச் சொன்னார். சரியான விடை.

அடுத்த தடவை இணைப்பில் மறதி பற்றிப் போடும்போது அந்த அரை வரியை ஒரு பத்தியாக்குங்கள். 40 வயதில் ஒரு தடவை பிரஷர் பார், இருந்தால் தலைவலி நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதே, அது மூளைக்கும் சேர்த்துத்தான் என்று. வல்லாரைக்குப் பக்கத்திலேயே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டுக்கோட்டை வட்டம்